மூன்று சிறு ஒலி

என் நோட்டில் எல்லாமே பட்டியல்தான். வாய்மொழித் தேர்வில் முதல்முறை தோற்றதற்கும் ஒரு பட்டியலே காரணம்.

கப்பலில் பதினெட்டு மாதப் பயிற்சியை முடித்துவிட்டுப் பாரிவாக்கம் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். இந்தத் தேர்வைத் தாண்டினால்தான் அதிகாரிச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் மறுபடி கடல். துறைமுகத்தில் கப்பல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நகரும்போது ஊதிச் சொல்ல வேண்டியவற்றை இப்படிச் சுருக்கி எழுதியிருந்தேன்: ஒரு சிறு ஒலி, வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு, இடப்பக்கம். மூன்று, பின்னால். ஐந்து, உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை. ஒரு நீண்ட ஒலி, துறையை விட்டுப் புறப்படுகிறேன்.

தேர்வாளர் மேசைமேல் இரண்டு மரக்கப்பல்களை எதிரெதிரே வைத்தார். "எதிர்க்கப்பல் மூன்று முறை ஊதுகிறது. என்ன செய்கிறது?"

"பின்னால் போகிறது, சார்."

"அப்படியானால் நீங்கள்?"

"என் வழியில் தொடர்வேன்."

அவர் எதிர்க்கப்பலை விரலால் முன்னே தள்ளினார். அது என் கப்பலில் வந்து இடித்தது. "அடுத்த முறை பார்ப்போம்," என்றார்.

கடல்விதிப் புத்தகத்தில் வாக்கியம் முழுதாக இருந்தது: எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். இயக்குவது வேறு, போவது வேறு. வாசித்தால் விளங்கியது. ஆனால் பதற்றத்தில் வாயில் வந்ததெல்லாம் என் சுருக்கம்தான்.

அம்மா பயிற்சி தர முன்வந்தாள். அப்பாவின் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து, பல வருடம் ஷிஃப்ட் சங்கு கேட்டே உலை வைத்தவள். ஒலிக்குக் கட்டுப்படுவது அவளுக்குப் புதிதல்ல. எங்கள் காலிங்பெல், விரலை எடுக்கும்வரை அலறும் பழைய ரகம். அம்மா வெளியே நின்று அழுத்துவாள். நான் உள்ளிருந்து பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பையன் ஹெட்ஃபோனோடு கதவைத் திறந்தான். "ஆன்ட்டி, கூரியரா?"

"இல்லப்பா, கப்பலு."

அம்மா திரும்பி மூன்று முறை அழுத்தினாள். "ஏட்டி, என்னது?"

"பின்னால போகுது!" என்று கத்தினேன். மறுபடியும் அதே தவறு. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை நானும் அம்மாவும் கீழே நிற்கும்போது தண்ணீர் லாரி வந்தது. எப்போதும் பின்பக்கமாக இறங்குகிற டிரைவர், அவசரத்தில் முன்பக்கமாகவே பார்க்கிங் சரிவில் இறங்கிவிட்டார். டேங்கிலிருந்து சொட்டிய தண்ணீரில் சரிவு வழுக்கியது. அவர் ரிவர்ஸ் போட்டார். பீப் பீப் என்று ஒலி கேட்டது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. லாரியோ மெல்ல முன்னால் வழுக்கி அப்பாவின் ஸ்கூட்டரை நோக்கி வந்தது.

அம்மா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கத்தினாள். "பின்னால போறேன்னு சத்தம் குடுத்துட்டு முன்னால வாறீரே!"

"ரிவர்ஸ் போட்டுகினுதான்மா கீறேன்! வண்டி இன்னும் கேக்கல. நவுந்து நில்லும்மா!"

ஒரு முழம் வந்தபின் லாரி நின்றது. பிறகுதான் பின்னால் ஏறியது. டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் படியேறி ஓடி, நோட்டில் 'பின்னால்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: ரிவர்ஸ் போட்டாச்சு, வண்டி இன்னும் கேட்கவில்லை.

இரண்டாம் தேர்வில் வேறு தேர்வாளர். அதே மரக்கப்பல்கள். வேறு பல கேள்விகளுக்குப் பிறகு மூன்று சிறு ஒலி வந்தது.

"எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறது, சார். கப்பல் இன்னும் முன்னால் வந்துகொண்டிருக்கலாம். நின்றுவிட்டது என்று என் கண்ணால் உறுதி செய்யும்வரை நான் வேகத்தைக் குறைத்து விலகியே நிற்பேன்."

"எங்கே பார்த்தீர்கள் இதை?"

கப்பலில் என்று சொல்லியிருக்கலாம். "எங்கள் வீட்டுப் பார்க்கிங்கில், சார்."

அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது; குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, மரக்கப்பல்கள் இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினார். "பாஸ்."

பஸ்ஸில் வரும்போது அம்மா இரண்டு முறை அழைத்தாள், எடுக்கவில்லை. மாடியேறி, காலிங்பெல்லில் விரலை வைத்து, ஒரே நீண்ட ஒலியாக ஐந்து விநாடி அழுத்தினேன்.

எதிர்வீட்டுக் கதவு முதலில் திறந்தது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏட்டி, எப்ப கிளம்புதே?"