செம்பருந்தின் வலது தோள்

கார் கதவுல குறை கண்டுபிடிக்கறதுதான் என் தொழில். இந்தத் தொழில்ல இருக்கறவன் சினிமா டிரெய்லர் பாக்கவே கூடாது, பாத்தா நிம்மதி போயிடும்.

ஒரகடத்துல, கார் கம்பெனிக்குக் கதவு செஞ்சு குடுக்கற பேக்டரியில பதினாறு வருஷமா இதே வேல. பகல்ல லைன்ல நின்னுட்டு, சாயங்காலம் காலேஜுக்குப் போயி டிப்ளமா முடிச்சேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற கேப் மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கணும். இருந்தா ஓ.கே. ஸ்டிக்கர், இல்லன்னா சிவப்பு டேக். அவ்ளோதான் என் வாழ்க்கை. நீங்க உசுரா நெனச்ச ஒரு ஹீரோவ, புது ஆள வெச்சு, புது டிரஸ் மாட்டி, மொதல்லேருந்து எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நீங்களும் பொலம்பியிருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. எனக்கு அந்த ஆளு செம்பருந்து. இங்கிலீஷ் படந்தான். ஆனா டிவியில தமிழ் பேசிப் பேசி நம்மாளாவே ஆயிட்டாரு.

பத்து நிமிஷ டீ

லைன்ல போன் எடுக்கக் கூடாது. அதனால கேன்டீன்ல டீ பிரேக் வுட்ட பத்து நிமிஷத்துலதான் டிரெய்லர் பாத்தோம். போன் சுடலையோடது. சங்கரன்கோயில் பக்கத்து ஆளு, என் பக்கத்து ஸ்டேஷன்ல கதவுக்குக் கீல் மாட்றாரு. செம்பருந்து செவப்பு எறக்கைய விரிச்சு ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல பறந்தாரு பாருங்க, அஞ்சு பேரும் விசில். நான் மட்டும் "நிறுத்து, நிறுத்து"ன்னேன்.

"வலது தோள்ல அந்தத் தகட்டப் பாரு. மேல கேப் ரெண்டு எம்எம், கீழ அஞ்சு. இத யாருய்யா பாஸ் பண்ணது?" அப்புறம் ஒருத்தன் தகடு ஓரத்துல ரப்பர் பீடிங் இல்லன்னான், இன்னொருத்தன் பெயின்ட்ல புள்ளி கீதுன்னான். டீ ஆறிப்போச்சு. வில்லன் யாருன்னு ஒருத்தனும் பாக்கல. சுடலை போனப் புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

"ஏண்ணே, உலகத்தக் காப்பாத்த வந்தவனப் போயி கதவத் தட்டிப் பாக்க மாதிரி பாக்கியளே, வெளங்குமா?"

பதினோரு வாட்டி

உண்மையச் சொல்லணும்னா என் கவல தோள் இல்ல, குரல். காண்ட்ராக்ட்ல இருந்தப்போ இருங்காட்டுக்கோட்டையில ஒரே ரூம்ல எட்டு பேரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் பழைய செம்பருந்து ஓடும். எறக்கை அட்ட மாதிரி இருக்கும், கட்டித் தூக்கற கம்பி நல்லாவே தெரியும். ஆனா அடிபட்டுக் கெடந்து எழுந்து, அந்தக் கரகர குரல்ல "இன்னும் நான் வுழல"ன்னு சொல்லுவாரு. அடுத்த மாசம் வேல இருக்குமா இருக்காதான்னு தெரியாம படுத்துக்கினு இருந்த எட்டு பேருக்கும் அந்த ஒரு வரி போதும்.

புது டிரெய்லர்ல தமிழ்ல வேற யாரோ பேசறாரு. சுத்தமான உச்சரிப்பு, இளசான குரல், ஒரு குறையும் சொல்ல முடியல. அதான் கஷ்டமே. ஆனா பறக்கற சீன் இருக்குதே, அடேங்கப்பா, இத மட்டும் பழசுல பாத்திருந்தா நாங்க எட்டு பேரும் மயங்கியே வுழுந்திருப்போம். இதையெல்லாம் படப்பை வூட்டுல என் சம்சாரம் விமலாகிட்ட சொன்னேன். கீர ஆஞ்சுக்கினே முழுசா கேட்டுது.

"புடிக்கல புடிக்கலன்னு சொல்லிக்கினே பதினோரு வாட்டி பாத்துட்டீங்க. என்னியப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு வாட்டிதான் நிமுந்து பாத்தீங்க."

லீவு லெட்டர்

படம் வெள்ளிக்கெழம ரிலீஸ். தாம்பரத்துல காலைல மொத காட்சி, எனக்கு காலை ஷிப்ட். புது மாடல் கதவு டிரையல் ஓடிக்கினு இருக்கற நேரம், லீவு லேசுல கெடைக்காது. இந்த மாதிரி சமயத்துல எங்க லைன்ல எல்லாரும் சித்தப்பா வூட்டு கிரகப்பிரவேசம்னு எழுதுவாங்க. ஒரு சித்தப்பாவுக்கு இதுவரைக்கும் நாலு வூடு.

நான் "செம்பருந்து படம் பாக்க வேண்டி"ன்னு எழுதி நீட்டினேன். சூப்பர்வைசர் பரந்தாமன் சார் ரெண்டு தடவ படிச்சாரு. பேனா எடுத்தாரு. கையெழுத்து போட்டாரு.

"மூர்த்தி, நெசமான காரணம் என் டேபிளுக்கு வர்றது இதான் மொத தடவ. போயிட்டு வா."

சிவப்பு டேக்

லீவு கைக்கு வந்ததும் கொஞ்சம் தலக்கனம் ஏறிப்போச்சு. பேப்பர்ல வந்த செம்பருந்து விளம்பரத்தக் கிழிச்சு கேன்டீன் போர்டுல ஒட்டினோம். நான் சும்மா இல்லாம ஒரு சிவப்பு டேக் எடுத்து, "பாகம்: செம்பருந்து. குறை: வலது தோள் கேப் அதிகம். முடிவு: நிறுத்தி வை"ன்னு எழுதி அதுக்கு மேல மாட்டிட்டேன். கேன்டீனே சிரிச்சுது.

சிரிச்ச எங்க யாருக்கும் ஒண்ணு ஞாபகம் வரல. ஒவ்வொரு டேக்லயும் நம்பர் அச்சடிச்சிருக்கும். எடுத்த நம்பர ரிஜிஸ்டர்ல எழுதணும், அந்தப் பாகத்த மறுபடி பாத்து கையெழுத்து போட்டாத்தான் அது முடியும். ஒரு நம்பர் காணோம்னா, ஒரு கெட்ட கதவு எங்கியோ வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். கார் கம்பெனிக்காரங்க வியாழக்கெழம ஆடிட் வர்றாங்க, நம்பர் நம்பரா எண்ணுவாங்க. செவ்வாக்கெழம ரிஜிஸ்டரப் பொரட்டின பரந்தாமன் சார் கண்ல அந்த வுட்டுப்போன நம்பர் பட்டுடுச்சு. கத்தல. டிராயரத் தொறந்தாரு, என் லீவு லெட்டர எடுத்தாரு, குறுக்க ஒரு கோடு.

"வெள்ளிக்கெழம நீ இங்கதான் நிக்கற. மொதல்ல அந்த நம்பர மூடு, அப்புறம் பறக்கலாம்."

ஆடிட்

"ஏதாச்சும் ஒரு கதவு பேர எழுதி மூடிருவோமா அண்ணே?"ன்னாரு சுடலை. ஒரு செகண்டு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ரிஜிஸ்டர்ல இதுவரைக்கும் நான் பொய் எழுதினதில்ல. இருக்கறத இருக்கற மாதிரியே எழுதி வெச்சேன்: செம்பருந்து, வலது தோள், இன்னும் மூடல.

வியாழக்கெழம கண்ணாடி போட்ட ஒரு மேடம் வந்தாங்க. சிரிப்புன்னா என்னன்னு கேக்கற முகம். வெரல வெச்சு நம்பர எண்ணிக்கினே வந்தவங்க அந்த எடத்துல நின்னுட்டாங்க. "இது எந்தப் பாகம்?"னாங்க. நடந்தத ஒண்ணு வுடாம சொன்னேன். "பாகம் எங்க?"னாங்க. சுடலை ஓடிப்போயி அந்த விளம்பரத்த டேக்கோட எடுத்தாந்தாரு.

டேக்க விளையாட்டுக்கு எடுக்கக் கூடாதுன்னு அவங்க நோட்டுல ஒரு வரி எழுதினாங்க. நியாயந்தான், தலயாட்டினேன். "மறுபடி பாக்காம மூட முடியாது. பாகம் எப்ப வருது?"னாங்க. "வெள்ளிக்கெழமைங்க மேடம், தாம்பரத்துக்கு." "யாரு பாக்கறாங்க? தேதியும் பேரும் காலியா இருக்குதே, எழுதுங்க." பரந்தாமன் சார் என்னியப் பாத்தாரு, தரையப் பாத்தாரு. அப்புறம் பேனாவத் தொறந்து, வெள்ளிக்கெழமன்னு எழுதி, பக்கத்துல என் பேரையும் எழுதினாரு. கோடு போட்ட லீவு டூட்டியாவே திரும்பி வந்துடுச்சு. அதுவரைக்கும் சிரிக்காத அந்த மேடம், விளம்பரத்தக் கண்ணாடிகிட்ட வெச்சுப் பாத்தாங்க.

"இடது தோளும் சரியில்லியே. அத ஏன் எழுதாம வுட்டீங்க?"

பதினாறு வருஷமா குறை தேடியே சம்பளம் வாங்கின நான், ஒரு குறையும் கண்ல பட்டுடக் கூடாதுன்னு சாமி கும்புட்டுக்கினு ஒரு எடத்துக்குப் போறது நாளைக்குத்தான் மொத தடவ.