பாயில் காய்ந்த சோறு

பூமணி அக்கா போய்விட்டார் என்பதை அவருடைய மூத்த மகள் சாந்திதான் தொலைபேசியில் சொன்னாள். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம், அதில் நான் எழுத வேண்டுமாம். "சுனாமிக்குப் பிறகு எங்களப் பட்டினி கிடக்க விடாமப் பாத்தது நீங்கதானெண்டு அம்மா எத்தின தரம் சொல்லியிருப்பா அன்ரி. அத எழுதுங்க" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான்கு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இது ஐந்தாவது.

அக்காவின் வீடு பெரியகல்லாற்றில் கடலைப் பார்த்தபடி இருந்தது. கடல் அவருடைய கணவரையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு, மூன்று பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு வந்தார். நான் அப்போது முகாம்களுக்கு இரவுச் சோற்றுப் பார்சல் கொடுத்த ஒரு நிவாரணக் குழுவில் மேற்பார்வை வேலை பார்த்தேன். முப்பது வயது, கையில் எப்போதும் ஒரு கோப்பு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. முகாமுக்குப் போனால் ஆட்களை எண்ணுவேன், குறிப்பெடுப்பேன், திரும்பிவிடுவேன். உட்கார்ந்து கதைத்தது குறைவு.

முதல் கிழமைகளில் சோறு வந்து குவிந்தது. ஆரையம்பதியிலிருந்து வந்தது, காத்தான்குடியிலிருந்து வந்தது, பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் லொறி பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஒரே மதியத்தில் மூன்று வாகனம் நிற்கும். துக்கத்தில் இருந்த சனம் எவ்வளவு தின்னும்? மிஞ்சியது காகத்துக்கும் நாய்க்கும் போனது. பூமணி அக்கா மட்டும் வகுப்பறை வகுப்பறையாகப் போய் மிஞ்சிய சோற்றைச் சேர்த்து, கழுவி, மைதானத்தில் பன்பாய் விரித்து வெயிலில் காயப் போட்டார். அவருக்குச் சோற்றுப் பைத்தியம் என்று மற்றப் பெண்கள் பகிடி பண்ணினார்களாம். "சோறு கூடின நாளிலதான் பசிக்குப் பயப்படணும்" என்று அவர் சொன்னாராம். முந்திய இடம்பெயர்வில் இலை அவித்துத் தின்ற மனுஷி அவர். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நான் கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தேன், பாய் பாயாகச் சோறு காய்ந்தது. கோழிக்குப் போடக் காயவைக்கிறார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். 'இம்முகாமில் சமைத்த உணவு மிகையாக உள்ளது. இரவுப் பார்சல் தேவையில்லை' என்று அறிக்கை எழுதி, கீழே கோடும் போட்டேன். வீண்செலவைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை வேறு. அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

இரவுப் பார்சல் நின்றது. அதே நேரம் வெளியூர் வாகனங்களும் குறைந்துபோயின. ஒன்பது நாள் அந்த முகாம் ஒரு நேரச் சோற்றில் கிடந்தது. ஐந்தாம் நாள் நான் போனபோது அக்கா மூன்று கல் வைத்து, காய்ந்த சோற்றை ஊறப் போட்டு, உப்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் மட்டும்தான் அது. நீங்கள் குடித்தீர்களா என்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றார். உதடு வெடித்திருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தி, "மேல உள்ளாக்களுக்கு எங்கட நிலம தெரியாது போல புள்ள. நீங்க ஒருக்காச் சொல்லிப் பாருங்க" என்றார்.

பார்சல் வேண்டாம் என்று மேலே சொன்னவளே அவர் எதிரில் நிற்கிறாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அடுத்த நாலு நாளும் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கெஞ்சினேன். ஆனால் என் அறிக்கை பிழை என்று எந்த மேசையிலும் சொல்லவில்லை. 'நிலைமை மாறியுள்ளது' என்று புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். பார்சல் திரும்பி வந்தது. நிறுத்தியவளை முகாமில் யாரும் கண்டதில்லை, திரும்பக் கொண்டுவந்தவளை எல்லோரும் கண்டார்கள்.

சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து, கிழக்கில் சண்டை முடிந்துகொண்டிருந்த காலத்தில், ஷெல்லுக்குப் பயந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. நான் வேலை பார்த்த முகாமுக்கு, யாரும் கூப்பிடாமலே, ஒரு பை காய்ந்த சோற்றோடு பஸ் ஏறி வந்தார் அக்கா. அங்கிருந்த பெண்களுக்கும் பாய் விரித்துச் சோறு காயவைக்கச் சொல்லிக் கொடுத்தார். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் பாய்களை உள்ளே எடுக்கச் சொன்னேன். என்னைப் போன்ற ஒருத்தி அதைக் கண்டால் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். ஏன் ஒளிக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். ஈ மொய்க்கும், காய்ச்சல் வருத்தம் பரவும் என்றேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இந்தப் புள்ள சொன்னா அதில ஒரு ஞாயம் இருக்கும். எடுங்க" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் சந்தித்தோம். அமிர்தகழித் திருவிழாக் கூட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்தி, கூட வந்தவர்களிடம் எங்களுக்குச் சோறு தந்த பிள்ளை என்று என்னைக் காட்டுவார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். வெட்கமாக இருக்கும், சுகமாகவும் இருக்கும். அந்தச் சுகத்தை விட மனம் வராமல்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் கேட்கமாட்டார் என்றானபின் எழுதுகிறேன். இதிலும் என்ன பெரிய தைரியம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பசித்துப் படுத்தவர்களில் பலர் இதை வாசிப்பீர்கள். அந்த ஒன்பது நாளும் உங்களைப் பட்டினி போட்டவள் நான். சாந்தி, இதை மலரில் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். உன் அம்மாவைப் பற்றி இதைவிட உண்மையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பார்சல் திரும்பி வந்த அந்த மாலை, பிள்ளைகளை வரிசையில் இருத்திவிட்டு, முதல் பார்சலைப் பிரித்து அவர் என்னிடம் நீட்டினார். "முதல்ல நீங்க தின்னுங்க புள்ள. எங்களுக்காக அலைஞ்சு முகம் வாடிக் கிடக்கு" என்றார். அவர் இன்னும் தின்னவில்லை என்று தெரிந்துகொண்டே, அவர் முன்னால் உட்கார்ந்து, அந்தச் சோற்றை நான் தின்றேன்.