குப்பைக்குப் போன மடு மண்

இன்று நாங்கள் குடியேறிய ஐரோப்பிய நகரத்தில், குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடையில் ஜெனிற்றாவைக் கண்டேன். எங்கள் மன்னார்ப் பிள்ளை, இங்கே தாதி. காசா மக்களுக்காக எல்லை வரை நடக்கப் போன வெளிநாட்டவர்களில் அவளும் ஒருத்தி. இறங்கிய விமான நிலையத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அம்மா தந்துவிட்ட மடு மாதா கோயில் மண்ணையும், இதென்ன தூள் எண்டு கேட்டுக் குப்பைக்குள்ளை கொட்டிட்டாங்கள், மாமா."

பயணத்தில் காவலாக நாங்கள் பையில் வைக்கும் மண் அது.

எனக்குக் கோபம்தான் வந்தது. வன்னியில் கடைசிப் போரில் தங்கச்சியைக் குடும்பத்தோடு இழந்தவன் நான்.

"எங்கடை சனம் சாகேக்கை ஆர் பிள்ளை வந்தவை? உனக்கேன் இந்த வேலை?"

அவள் கத்தரிக்காய் தெரிந்தெடுப்பதை நிறுத்தவில்லை.

"ஒருத்தரும் வரேல்லை எண்டு நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளந்தவள்தானே நான். திரும்பவும் போகப்போறன்."

என் பணப்பையில் இருந்த மடு மண் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன். தங்கச்சி கடைசியாக அனுப்பியது.

மடுவுக்குப் போகிறவர்கள் எனக்கும் ஒரு பிடி கொண்டு வாருங்கள். வாதாட விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம். கேட்ட கேள்வியை நான் திருப்பி எடுக்கவில்லை.