படகுக்குள் மரியாதை

எட்டாவதோடு படிப்பு போதுமென்று கிளம்பியவன் நான். தறிப்பட்டறை, தேங்காய்க் களம் என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் பொள்ளாச்சிப் பக்கத்து அணை ஒன்றில் துடுப்புப் படகு ஓட்டச் சேர்ந்தேன். உல்லாசப் படகுதான். துறைக் கொட்டகையில் படுக்கை. மழைக்கு ஒழுகும், லைஃப் ஜாக்கெட்டுகளை அடுக்கி அதன்மேல் படுத்துக்கொள்வேன். நல்ல தூக்கம் வரும்.

அந்த ஜாக்கெட்டுகளுக்கு வேறு உபயோகம் அதிகம் இருக்கவில்லை. பட்டு கசங்கும், பூ நசுங்கும் என்று யாரும் போடமாட்டார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், விருந்துக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கூட. ஜாக்கெட்டுகளை நீட்டினேன். மருமகள் வாங்கி அப்படியே பலகையில் விரித்தாள்.

"மாமா, இதும்மேல உக்காருங்க. வேட்டி அழுக்காயிருமுங்க."

மற்ற மூன்றும் அதேபோல் மெத்தையாயின.

நடுத்தண்ணிக்குப் போனதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. ஓர் அலை பெரியவர் இருந்த பக்கம் அடித்து அவர் தோளை நனைத்தது. அவர் இடம் மாற எழுந்தார். மாமனார் நிற்கும்போது உட்கார்ந்திருக்க மருமகளால் முடியுமா? எழுந்தாள். மகன் எழுந்தான். அம்மாவும் எழுந்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை அள்ளியது.

"ஏனுங்க, எந்திரிக்காதீங்க! உக்காருங்க!" என்று கத்தினேன்.

"நீ உக்காரு அம்மணி," என்றார் பெரியவர்.

"நீங்க மொதல்ல உக்காருங்க மாமா."

"அட, எனக்கென்ன கண்ணு, நீ உக்காரு."

கவிழ்ந்தால் அவ்வளவுதான், நான்கு பேரில் யாருக்கும் நீச்சல் தெரியாது. என்னாலும் ஓரிருவரைத்தான் பிடிக்க முடியும். எழுந்துபோய் அவர்களை அமுக்கலாமென்றால், துடுப்பை விட்டதும் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். முகப்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தக் குலுக்கலில் பெரியவர் கால் மடங்கிப் படகின் அடித்தட்டில், தேங்கியிருந்த தண்ணீரிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் கீழே இருக்க, பலகையில் யார் உட்காருவது? மூன்று பேரும் பட்டும் ஜரிகையுமாகத் தண்ணீரில் இறங்கி அமர்ந்தார்கள். பாரம் கீழே போனதும் படகு நிமிர்ந்துவிட்டது.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. "ஐயா, மொதல்ல நீங்க அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கோங்க" என்றேன். அவர் போட்டார். அடுத்த நிமிடம் எல்லோரும் போட்டிருந்தார்கள், பூ நசுங்க.

"ஏந்தம்பி, தண்ணிய எறைக்க வேண்டாமா?" என்று படகில் கிடந்த, வாய் வெட்டிய எண்ணெய் கேனை அவரே எடுத்தார்.

"குடுங்க மாமா, நா எறைக்கறனுங்க."

"உக்காந்துட்டே வாங்கு!" என்று எழப்போன மருமகளிடம் மூன்று குரல்கள்.

துறை காற்று வரும் பக்கமே இருந்தது. முகப்பைத் திருப்பாமல் மெதுவாகவே போய்ச் சேர்ந்தோம். அதன்பிறகு யார் வந்தாலும் வயதில் மூத்தவருக்குத்தான் முதலில் ஜாக்கெட் மாட்டுவேன். கத்துகிற வேலை எனக்கு மிச்சம்.

அன்றைக்குக் கரையேறியதும் பெரியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "நல்லா கதகதன்னு இருக்குதப்பா," என்று ஜாக்கெட்டோடு டீ குடித்தார். அடுத்த சவாரிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனால் அவர் கழற்றும்வரை மற்ற மூவரிடமிருந்தும் என்னால் ஜாக்கெட்டை வாங்க முடியவில்லை.