துரை பங்களா அடுப்பு

இது என் சமையலறையில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் என் கணவர் மரியராஜைக் கேட்கலாம். முதலில் அவரும் நம்பவில்லை.

1981. சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முப்பது கேக் ஆர்டர். என் சின்ன ஓவன் தாங்காது. பழைய இரும்புச் சாமான்களைப் புதுப்பித்து விற்கும் பழனியாண்டி அண்ணனின் பட்டறையில் ஓர் அடுப்பைப் பார்த்தேன். கோலா கெத்தில் பக்கம் இடித்த ஒரு துரை பங்களாவில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. விறகு போடும் இடத்தை எடுத்துவிட்டு கேஸ் குழாய் பொருத்தி, ஓவனில் நான்கு கேக் வைக்கிற மாதிரி தட்டு அடித்து, பச்சைச் சாயம் பூசித் தரச் சொன்னேன்.

டிசம்பர் 3, வியாழன். லோரியில் கொண்டுவந்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர் அன்று பேசவில்லை. அடுப்பை இறக்கி வைத்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வீட்டுல சமைக்கிறது நீங்க மட்டும்தானே, தங்கச்சி?”

“ஆமாண்ணே. ஏன்?”

“சும்மாலா.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்கு உறுத்தியது. இவர் எதையோ மறைக்கிறார்...

மதியம் 3.40. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓவன் கதவு சுட்டது. கேஸ் நிரப்பிய தோங் மறுநாள்தான் வர வேண்டும்.

“வெயில் பட்டிருக்கும்,” என்றார் மரியராஜ். அந்த மூலையில் வெயில் படாது.

சனிக்கிழமை நான்கு கேக் வைத்தேன். வெளியே எடுத்தால் நான்கிலும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. வெந்துவிட்டதா என்று குச்சியால் குத்திப் பார்த்த ஓட்டை. நான் குத்தவில்லை.

“நீங்களா?”

“எனக்கு வேற வேல இல்லயா, பிரிஜெட்?”

அவர்மேல்தான் சந்தேகம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் தொழிற்சாலையில் இருந்தார். வீட்டுக் கதவுகளை நானே பூட்டியிருந்தேன். அன்றும் ஓட்டை...

டிசம்பர் 10. கேஸை மூடினேன். ஓவன் காலி. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

3.38. ஒன்றுமில்லை.

3.40.

டக்.

கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. அனல் முகத்தில் அடித்தது.

தட்டு மெல்ல வெளியே வந்தது... நின்றது... உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. பழகிய கை சாத்துவதுபோல.

என் காதருகே மூச்சு இரைத்தது.

“இன்னும் வேகல...”

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

எடுத்துப் போகச் சொல்லியனுப்பினேன்; மறுநாள் காலையிலேயே பழனியாண்டி அண்ணன் வந்து அடுப்பை ஏற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்கவே இல்லை. நான் விடவில்லை.

“யாருண்ணே அது?”

லோரிக் கதவைப் பிடித்தபடி நின்றார். “குணவதின்னு ஒரு அம்மா. அந்த பங்களால முப்பது வருஷம் குசினியில சமையல் வேல. குடும்பம் இப்ப கூலிம்ல இருக்கு. வேற எனக்கு ஒன்னும் தெரியாது, தங்கச்சி.”

அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைத்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். இறந்த தேதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் மரியராஜும் கூலிம் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். குணவதியின் மகள் கதவைத் திறந்தாள்.

“அம்மா எப்ப தவறுனாங்க?” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அம்மா உள்ளதான் இருக்காங்க.”

கட்டிலில் ஒரு கிழவி படுத்திருந்தாள். கண் தெரியாது. வலது கையில் கட்டு.

“கையில என்ன?” மரியராஜ் கேட்டார்.

“தெரியலண்ணே. படுத்த படுக்கையா மூனு வருஷம். அடுப்புப் பக்கமே போறதில்ல. இந்த மாசம் மூனாந்தேதியிலேருந்து, மதியம் தூங்கி எழுந்தா, உள்ளங்கையில புதுசா சுட்ட கொப்புளம். எட்டு நாள் விடாம... வியாழக்கிழமையோட நின்னுபோச்சு.”