டிக்கியில் ஏறிய ஆராய்ச்சிகள்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவது பாதி வேலை, காத்துக் கிடப்பது மீதிப் பாதி. கோயில் வாசல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று நீங்களும் காத்துக் கிடந்திருப்பீர்கள். சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒரு தூக்கம் போட்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் ஸ்டாண்ட் நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். என் வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் ஆராய்ச்சி மாணவர்கள். ஒருவர் பூச்சி பிடிப்பார், ஒருவர் கல்லைப் படிப்பார், ஒருவர் அடுத்தவர் வீட்டுச் சட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுவார். எல்லாருக்கும் பொதுவான ஒரே வசனம்: “அண்ணே, ஒரு அரை மணி நேரந்தான்.” அந்த அரை மணி நேரத்தை நம்பி வெயிலில் வெந்த சக டிரைவர்களே, இது உங்களுக்காக.

நாலு வாளி

கௌசல்யா விலங்கியல் மாணவி. அலங்காநல்லூர்ப் பக்கம் போகவேண்டும் என்று வண்டி பிடித்தார். வழியில் நாலு தொழுவங்களில் நிறுத்தச் சொல்லி, மூடி போட்ட நாலு வாளிகளை டிக்கியில் ஏற்றினார். தயிராக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதித்தபோது தெரிந்துவிட்டது, தயிர் இல்லை என்று. பசு, எருமை, ஆடு, ஜல்லிக்கட்டுக் காளை என்று அவர் தனித்தனியாகச் சேர்த்த சாணியெல்லாம் என் டிக்கியில் ஒன்றாகிவிட்டது. அவர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார், நான் கத்துகிற நிலைக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எனக்குக் கல்யாணச் சவாரி!

ஒரு பம்புசெட்டில் நிறுத்திக் கழுவினோம். அவர் திரும்பவும் தொழுவம் தொழுவமாகப் போய் வாங்கிவந்து, வயலில் சின்னக் குழிகள் தோண்டி, எந்தச் சாணிக்கு எந்த வண்டு வருகிறது என்று பார்க்க உட்கார்ந்தார். கோபம் தீராமல் நானும் பக்கத்தில் குந்தினேன். ஒரு வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு வரப்பில் ஏறியது. உருண்டை சரிந்தது. மறுபடி ஏற்றியது, மறுபடி சரிந்தது. நாலாவது தடவை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தபோது என்னையறியாமல் கை தட்டிவிட்டேன்.

மறுநாள் கல்யாணப் பெண்ணின் அப்பா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூக்கை இழுத்து, “ஏப்பா, எங்களுக்கு முந்தி மாட்டை ஏத்திட்டு வந்தியா?” என்றார். அந்த ஆத்திரத்தில் கௌசல்யாவுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மன்னிச்சிருங்கண்ணே. ஆனா ஒண்ணு, அந்த வண்டுக மட்டும் வேலையை நிறுத்திட்டா மதுரை ஜில்லாவே உங்க டிக்கி மாதிரிதான் மணக்கும்.”

கடைசியில் சாப்பிடுவது யார்?

முருகேசன் சமூகவியல். கையில் பத்துப் பக்கக் கேள்வித்தாள். மேற்கே ஒரு ஊரில் வீடு வீடாகப் போய் யார் என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்பது அவர் வேலை. முதல் நாள் எங்களை ரேஷன் அதிகாரிகள் என்று நினைத்துப் பாதி ஊர் கதவைச் சாத்தியது. மீதிப் பாதி மனு கொடுத்தது. மூன்றாம் நாள்தான் ஒரு விவசாயி வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். “வீட்டுல கடைசியா சாப்புடுறது யாருங்கய்யா?” என்று முருகேசன் கேட்டார். “அந்த மாதிரியெல்லாம் நம்ம வீட்டுல கெடையாது தம்பி. எல்லாரும் ஒண்ணாத்தான்” என்றார் அந்த வீட்டுக்காரர். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. முருகேசன் அடுப்படிப் பக்கம் திரும்பி, “அம்மா, நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்புட்டீங்க?” என்றார். உள்ளேயிருந்து பதில் வந்தது: “ரசம் மட்டும் கெடந்துச்சுப்பா.” வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் தலையைத் தூக்கவில்லை. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தேன். என்ன இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்காக அதே வீட்டுக்குப் போனோம். நல்ல மத்தியானம். அவரும் அந்த அம்மாவும் மகளும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் போன மனைவியைக் கையமர்த்திவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, இப்ப எழுதிக்கங்க, நெசமாவே ஒண்ணாத்தான் சாப்புடுறோம். என்ன, மீனுதான் எனக்கு ஒரு துண்டு கொறஞ்சுபோச்சு.”

கண்மாய்க் கரையில் ஒருவர்

தியாகு கையில் வாளியும் இல்லை, கேள்வித்தாளும் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும்தான். ஆளில்லாத கண்மாயாகப் பார்த்துக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். கரையில் உட்கார்ந்தவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பக்கத்தைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். என் தங்கச்சி புருஷன் தொழிலில் நொடித்துப்போய்த் திரும்ப எழுந்து வந்த கதை, எங்கள் தெருவில் மூன்று தடவை ஃபெயிலாகி நாலாவது தடவை போலீஸ் வேலைக்குப் போன பெண்ணின் கதை எல்லாம் சொன்னேன். வீட்டில் ஏதும் பிரச்சினையா, காதல் கீதலா என்றும் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தார்: “அண்ணே, நான் சாக வரலை, கணக்குப் போட வந்தேன். மொழங்கால் தண்ணியில சாகவும் முடியாது. நீங்க அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தீங்கன்னா ரெண்டு வருஷமா வராத விடை இன்னிக்கு வந்துரும்.”

திட்டுக்கு மதிப்பு

நஸ்ரின் மதுரைப் பழைய நகரத்துப் பெண், கீழமாசி வீதிக்குப் பின்னால் வீடு. மதுரைக்காரர்கள் வீட்டில் பேசுகிற பேச்சைப் பதிவு செய்து ஆராய்வது அவருடைய மொழியியல் வேலை. சிக்கல் என்னவென்றால், ரெக்கார்டரை நீட்டியதும் எல்லாரும் செய்தி வாசிக்கிறவர்களாகிவிடுவார்கள். அத்தர் கடை வைத்திருக்கும் அவருடைய பெரியத்தா, அதாவது பெரியப்பாகூட, “நான் இங்கு நெடுநாட்களாக வணிகம் புரிந்து வருகிறேன்” என்று ஆரம்பித்துவிட்டார். “பெரியத்தா, நீங்க வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க” என்றால், “வீட்டில் பேசும் விதமாகவே பேசுகின்றேன் மகளே” என்கிறார். அன்றைக்கு ஒரு வாக்கியமும் தேறவில்லை.

முகம் வாடிப்போய் வண்டியில் ஏறினார். ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் மனைவி பாண்டியம்மாளின் போன் வர, கார் ஸ்பீக்கரில் அவள் குரல் கொட்டியது. எம்புட்டு நேரமா அடிக்கிறேன், காது என்ன அடைச்சுக்கிருச்சா, கேஸு தீர்ந்துபோய்க் கெடக்கு, ஊர்ல உள்ளவுகளையெல்லாம் ஏத்தி இறக்கத் தெரியுது, வீட்டுல ஒருத்தி கெடக்காங்கிற நெனப்பு இருக்கா என்று நிறுத்தாமல் போனது. அணைக்கப் போன என் கையை நஸ்ரின் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர், அத்தனை சந்தோஷம். எல்லாம் முடிந்ததும், பதிவாகிவிட்டது, சம்மதித்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்று பாண்டியம்மாளிடமே சொன்னார். அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: “ஏந்தாயி, நான் திட்டுனதுக்கு உனக்குப் பட்டம் குடுப்பாகளா? அப்ப இருத்தா, இன்னும் பாதி பாக்கி இருக்கு, அதையும் புடிச்சுக்க!”

பதில் கொண்டுவந்த பிள்ளை

ஜெனிபர் வேதியியல். ஒத்தக்கடை தாண்டி உள்ளே போனால் புதுசு புதுசாக வீடுகள், வீட்டுக்கு ஒரு போர்வெல். அந்தத் தண்ணீரையெல்லாம் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துச் சீட்டு ஒட்டி எடுத்துப்போனார். அங்கே விளையாடும் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் அந்தத் தண்ணீரால் வந்த பழுப்புக் கறை தெரியும். ஒரு வருஷம் கழித்து அவருடைய கட்டுரை வெளிவந்துவிட்டது என்று இனிப்புக் கொடுத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரமே திரும்ப வண்டி பிடித்தார். இந்தத் தடவை பாட்டில் இல்லை, ஒரு கட்டுக் காகிதம். எந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது, துணி துவைக்க மட்டும் எது ஆகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத் தமிழில் கையால் எழுதியிருந்தார். நல்ல தண்ணீர் இருக்கிற ஒரு பொதுப் போரையும் குறித்திருந்தார். ஒரு வீட்டில், என் வீட்டைக் குறை சொல்ல நீ யார் என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். குனிந்து பொறுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சமீபத்தில் வேறு சவாரிக்காக அந்தப் பக்கம் போனேன். பெண்கள் எல்லாம் சேர்ந்து பஞ்சாயத்தில் போய் நின்று, அந்த நல்ல போரிலிருந்து தெருவுக்குக் குழாய் இழுத்திருந்தார்கள். குடம் நிறைகிற வரை என் வண்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார்: “அந்தப் பிள்ளை நல்லாருக்காப்பா? தண்ணியப் புடிச்சுக்கிட்டுப் போனவுக எம்புட்டோ பேரு. பதிலைக் கொண்டாந்தது அது ஒண்ணுதான்.”

எந்தத் துறை?

வசந்தா டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூட வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்று ஆராய்ச்சி. பழைய கண்மாய் மடைகளில் இருக்கிற எழுத்துக் கற்களைத் தேடிப் படிப்பார். எட்டு வருஷம் நான்தான் ஓட்டினேன். ஒரு ஊரில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டினால் அடியில் பூராவும் எழுத்து. அதன்மேல் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றிப் படி எடுத்தார். காற்றில் காகிதம் பறக்காமல் நான் பிடித்துக்கொண்டேன். கிழக்கே போகிற ஒரு வாய்க்காலைப் பற்றி அதில் இருந்தது. அப்படி ஒரு வாய்க்காலே கிடையாது என்றார்கள் ஊரில்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்தபோது என்னையும் கூப்பிட்டார். யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், “இந்தக் கல்லைப் படித்ததால் இன்றைக்கு யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டார். டீச்சர் கல்லின் காலம், எழுத்தின் வகை என்று சுற்றிச் சுற்றிச் சொன்னார், பயனுக்கு மட்டும் வரவில்லை. கடைசியில், “சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?” என்றதும் எழுந்துவிட்டேன். “டீச்சர், அந்தத் துணி துவைக்கிற கல்லைப் படிச்ச பிற்பாடு அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே?” என்றேன். அவருக்கு முகம் மாறியது. கல் சொன்ன திசையில் ஊரார் போய்ப் பார்த்ததையும், முள்ளுக்குள் மூடிக் கிடந்த வாய்க்கால் தட்டுப்பட்டதையும், அதைத் தோண்டி விட்டபின் கிழக்கு வயல்களில் நாற்று நட்டதையும் மளமளவென்று சொன்னார். தேர்வாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் முடிந்து, பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறோம் என்று அறிவித்தபிறகு, தேர்வாளர் என் பக்கம் திரும்பி, “நல்ல கேள்வி. நீங்கள் எந்தத் துறை?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்: “எல்லாத் துறையும் சார். நாங்க ஒவ்வொருத்தரும் ஒரு துறைக்குத்தான் போறோம், இவரு எங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போறாரு.”

பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்றைக்கு ஏழெட்டுத் துறைகளில் அரைகுறை ஞானம் உண்டு என்றாலும், ‘அரை மணி நேரம்’ என்றால் எத்தனை நிமிஷம் என்பதை மட்டும் எந்த ஆராய்ச்சியாளரும் இதுவரை எனக்குக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.