வெள்ளாற்றங்கரையில் ஒரு ரவிக்கைத் துணி

வெள்ளாற்றங்கரைத் தோட்டத்தில் நான் தினமும் ஒரு ரவுண்டு நடக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் உத்தரவு! கேட்டில் நுழைந்து, ஆற்றோரமாகவே படித்துறை வரை போய், மருத மரங்களைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் மறுபடியும் கேட். வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் தீர்ந்துவிடுகிற பாதை.

போன வெள்ளிக்கிழமை அது எனக்குத் தீரவே இல்லை.

எனக்குச் சட்டை தைத்துத் தரும் செல்லையா முன்பு ரங்கூனில் டெய்லர் கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும், மனைவி காமாட்சியை அழைத்துக்கொண்டு மலைப்பாதை வழியாக நடந்தே கிளம்பினார். ஊர் வந்து சேர்ந்தது அவர் மட்டும்தான்.

இது எனக்குத் தெரியும். கீரனூரில் இருக்கும் அவருடைய மாமியாருக்குத் தெரியாது.

“சிட்டகாங் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உடம்பு தேறியதும் வந்துவிடுவாள்” என்று செல்லையா அவரிடம் சொல்லி வைத்திருந்தார். வந்த புதிதில், காய்ச்சலில் கிடந்தபோது வாயில் வந்தது அது. அப்புறம் மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன... இதையெல்லாம் எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி. மகள் வந்ததும் போட்டுக்கொள்ள, மாப்பிள்ளையே தைத்து வைக்க வேண்டுமாம்.

செல்லையா என்னிடம் ஓடி வந்தார்.

“அந்தத் துணியில என்னால கத்திரி வைக்க முடியாதுங்க. இன்னைக்குச் சொல்லிப்புடுறேன். நான் தங்கியிருக்க ரூமுல இன்னும் நாலு பேரு இருக்காக... ஆத்தங்கரைக்கு அழைச்சுக்கிட்டு வாரேன். நீங்களும் கூட நடங்க. நடந்துக்கிட்டே சொன்னா அத்தை மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல பாருங்க.”

சாயங்காலம் மூவருமாக நடந்தோம். கார்த்திகை மாதம் அல்லவா? ஆறு கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. முதல் சுற்று முழுக்க அந்த அம்மாள் பஸ்ஸைப் பற்றியே பேசினார். மேட்டில் ஏற மாட்டாமல் அது நின்றதும், எல்லோரும் இறங்கித் தள்ளியதும்... செல்லையா “ம்” கொட்டினார். அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்றில், “அத்தை...” என்று ஆரம்பித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்கிட்டு வழுக்கும். இங்கிட்டு வாங்க” என்று முடித்தார்.

மறுபடியும் படித்துறைப் பக்கம் வந்தபோது அந்த அம்மாளே கேட்டார்.

“மாப்ளே, பழைய அளவுல தைச்சுப்புடாதீங்க. ஆஸ்பத்திரியில கெடந்தவ, எளைச்சுப் போயிருப்பா. ரெண்டு வெரக்கடை கொறைச்சே வெட்டுங்க.”

செல்லையா நின்றுவிட்டார். அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

“அளவு வேணாம் அத்தை” என்றார்.

அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கக்கூடாது என்றுதானே இந்த நடை? நான் பார்த்துவிட்டேன்... அதை எழுத எனக்கு வரவில்லை.

“எங்க?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“வார வழியில. மலையில.”

“ஒத்தையிலயா?”

“இல்ல அத்தை. என் மடியிலதான்.”

“தண்ணி குடுத்தீங்களா?”

“குடுத்தேன் அத்தை. வாய் நெறையக் குடிச்சா. அப்புறந்தான் கண்ண மூடுனா.”

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். பிறகு, கட்டிய சேலையோடு படியிறங்கி ஆற்றில் முழுகினார். எழுந்தபோதுதான் குரல் வந்தது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் யார் எவர் என்று கேட்கவில்லை. வந்து கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.

கடைசி பஸ்ஸில் அவர் ஊருக்குக் கிளம்பினார். கூட வருகிறேன் என்ற மருமகனை, “நீங்க நாளைக்கு வாங்க மாப்ளே” என்று தடுத்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தத் துணியைக் கேட்டார். செல்லையா கொடுத்தார்.

பஸ் போனதும் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, “கடைசியில தண்ணியாவது குடுக்க முடிஞ்சுதே, அதை நெனச்சுக்குங்க” என்றேன்.

செல்லையா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த மலையில தண்ணி ஏதுங்க?”

இதை எழுதலாமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். “பேரை மாத்தி எழுதுங்க. அத்தைக்குப் படிக்கத் தெரியாது” என்றார். மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனாலும், கீரனூர்ப் பக்கத்து வாசகர்களே... தயவுசெய்து இதை உரக்கப் படிக்காதீர்கள்.